களிமண் கடற்படுகையில் காற்றாலைக்கு மோனோபைல் வடிவமைப்பது எப்படி? புதிதாக வரும் பொறியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் பைல் வடிவமைத்துப் பழகியவர்கள் கடல் காற்றாலைத் திட்டத்தில் சேர்ந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, பைல் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதுதான். ஒரே ஒரு பெரிய எஃகுக் குழாயைக் கடற்படுகைக்குள் அடித்து இறக்கி, அதன்மேல் காற்றாலையை நிறுத்தும் மோனோபைல் அமைப்பில் அந்தக் கேள்வி பெரும்பாலும் எதையும் முடிவுசெய்வதில்லை. காற்றும் அலையும் பக்கவாட்டில் தள்ளுவதால் கடற்படுகை மட்டத்தில் உருவாகும் கவிழ்ப்புத் திருப்புத்திறனே இங்கே முதன்மையான சுமை. களிமண்ணின் வலிமையைவிட, மிகச் சிறிய அசைவுக்கே அது எவ்வளவு விறைப்பாக எதிர்த்து நிற்கிறது என்பதுதான் பைலின் விட்டத்தையும் நீளத்தையும் எஃகின் எடையையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இதைத் தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பல மாத உழைப்பு மிச்சமாகியிருக்கும். அதனால்தான் வேலையை எந்த வரிசையில் செய்வது, எந்த ஆவணத்தை எப்போது கேட்பது, எங்கே பணமும் காலமும் கரைகின்றன என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஐரோப்பாவின் வட கடலைச் சார்ந்தவை. மோனோபைல் பற்றிய நம்பகமான களிமண் தரவுகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிடைக்கிறது. இந்தியாவில் கடல் காற்றாலைக்கான ஒருங்கிணைப்பு அமைப்பு சென்னையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம். குஜராத்தையோ மன்னார் வளைகுடாவையோ மனத்தில் வைத்துப் படிப்பவர்கள் முறைகளை எடுத்துக்கொள்ளலாம். மண்ணின் எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

1. கணக்குக்கு முன் ஆவணங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

உங்கள் மேசையில் ஐந்து ஆவணங்கள் இருக்க வேண்டும்: வடிவமைப்பு அடிப்படை ஆவணம், மண் தரவு அறிக்கை, அந்தத் தரவுகளுக்குப் பொருள் கண்ட நில மாதிரி அறிக்கை, அலை, காற்று, நீரோட்டம் பற்றிய அறிக்கை, காற்றாலைத் தயாரிப்பாளர் தரும் சுமை ஆவணம். கடைசியாகச் சொன்னதுதான் தாமதமாகும். ரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் எந்தத் தயாரிப்பாளரும் சுமைகளைத் தருவதில்லை. அந்த ஒப்பந்தம் இரு தரப்பு வழக்கறிஞர்களிடமும் வாரக்கணக்கில் தங்கிவிடும். ஆகவே திட்டம் தொடங்கும் நாளிலேயே அதற்கான கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

விதிநூல்களில் சான்றளிப்பு நிறுவனமான டிஎன்வி-யின் டிஎன்வி-எஸ்டி-0126 (DNV-ST-0126), ஐஇசி 61400-3-1 (IEC), ஐஎஸ்ஓ 19901-4 (ISO), அமெரிக்க பெட்ரோலியக் கழகமான ஏபிஐ-யின் ஆர்பி 2ஜியோ (API RP 2GEO) ஆகிய நான்கும் தவிர்க்க முடியாதவை. டிஎன்வி ஆவணங்களை அந்த நிறுவனத்தின் தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். மற்றவற்றை விலைக்கு வாங்க வேண்டும். சொந்தப் பணத்தில் வாங்குவதற்கு முன் உங்கள் அலுவலகத்துக்கோ கல்லூரி நூலகத்துக்கோ சந்தா இருக்கிறதா என்று விசாரியுங்கள். எந்த ஆண்டுப் பதிப்பு திட்டத்துக்குப் பொருந்தும் என்பது வடிவமைப்பு அடிப்படை ஆவணத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது எழுதப்படாமல் விடப்பட்ட திட்டங்களில், சான்றளிப்பு நிலைக்கு வந்த பிறகு பதிப்பு மாற்றத்தால் கணக்குகளைத் திரும்பச் செய்ய நேர்கிறது.

திட்டம் கைக்கு வரும் முன்பே பழகிப் பார்க்க விரும்புவோருக்குச் செலவில்லாத வழி உண்டு. அமெரிக்காவின் என்ஆர்இஎல் (NREL) ஆய்வகம் உருவாக்கிய, காற்றாலையின் இயக்கத்தைக் கணிக்கும் ஓப்பன்ஃபாஸ்ட் (OpenFAST) மென்பொருளும், 2020-இல் வெளியான ஐஇஏ (சர்வதேச எரிசக்தி முகமை) 15 மெகாவாட் மாதிரிக் காற்றாலையின் முழு விவரங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. சுழலி விட்டம் 240 மீட்டர், மைய உயரம் 150 மீட்டர், மோனோபைல் விட்டம் 10 மீட்டர் என்று எல்லா அளவுகளும் அதில் உள்ளதால், உங்கள் கணக்கைச் சரிபார்க்க நல்ல அளவுகோலாக அமையும்.

2. அதிர்வெண் இடைவெளியை முதலில் வரையுங்கள்

காற்றாலை ஒரு சுற்றுச் சுற்றும்போது ஏற்படும் அதிர்வை 1பி என்றும், மூன்று இலைகள் கோபுரத்தைக் கடப்பதால் ஏற்படும் அதிர்வை 3பி என்றும் சொல்கிறோம். கோபுரமும் பைலும் மண்ணும் சேர்ந்த அமைப்பு தானாக அதிரும் வேகம், அதாவது அதன் இயல் அதிர்வெண், இவை இரண்டுக்கும் இடையில் விழ வேண்டும். இரு பக்கமும் 10 விழுக்காடு இடைவெளி விடுவது வழக்கம்.

மேலே சொன்ன 15 மெகாவாட் மாதிரியை எடுத்துக்கொள்வோம். அதன் சுழலி நிமிடத்துக்கு 5 முதல் 7.56 சுற்றுகள் வரை சுற்றுகிறது. எனவே 1பி மேல் எல்லை 0.126 ஹெர்ட்ஸ், 3பி கீழ் எல்லை 0.25 ஹெர்ட்ஸ். 10 விழுக்காடு விட்டால் நமக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 0.139 முதல் 0.225 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே. மண்ணின் விறைப்பைக் குறைத்து மதிப்பிட்டால் தேவையில்லாமல் எஃகைக் கூட்டுவீர்கள். கூட்டி மதிப்பிட்டால் உண்மையான அதிர்வெண் 1பி-யையும் அலைகளின் அதிர்வெண்ணையும் நெருங்கி, திரும்பத் திரும்ப அசைவதால் எஃகு தளரும் உலோகச் சோர்வு பெருகும். நிலத்து அடித்தளங்களில் மண்ணைக் குறைவாக மதிப்பிடுவது பாதுகாப்பான பக்கம் என்று கற்றிருக்கிறோம். இங்கே பாதுகாப்பான பக்கம் என்று ஒன்று இல்லாததால், தாழ் மதிப்பீடு, சிறந்த மதிப்பீடு, உயர் மதிப்பீடு என மூன்று மண் விவரங்களையும் வைத்துக் கணக்கிட வேண்டும்.

3. மண் சோதனைகளை நீங்களே கேட்டுப் பெறுங்கள்

மண் ஆய்வு ஒப்பந்தம் எழுதப்படும் நேரத்தில் வடிவமைப்பாளரைப் பெரும்பாலும் யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாவிட்டாலும் போய் உட்காருங்கள். கப்பல் திரும்பிய பிறகு இன்னொரு சோதனை வேண்டும் என்று கேட்டால், அதற்காக மீண்டும் ஒரு கப்பலை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். கடல் மண் ஆய்வின் செலவில் பெரும்பகுதி கப்பலின் நாள் வாடகைதான். ஆய்வகச் சோதனைகளின் செலவு அதன் முன் சிறியது. பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவது ஆய்வகச் சோதனைகளாகவே இருக்கிறது. இது தலைகீழான சிக்கனம் என்பது என் உறுதியான கருத்து.

கேட்க வேண்டியவை இவை. ஒவ்வொரு காற்றாலை இடத்திலும் குறைந்தது ஒரு கூம்பு ஊடுருவல் சோதனை, அதாவது சி.பி.டி., வேண்டும், அது பைலின் அடிமுனை வரக்கூடிய ஆழத்தைத் தாண்டிப் பல மீட்டர் இறங்கியிருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த இடங்களில் மாதிரி எடுக்கும் துளைகள் வேண்டும். சில இடங்களில் நில அதிர்வு அலையை அளக்கும் சி.பி.டி. வேண்டும். புதியவர்கள் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். களிமண்ணில் வெட்டு அலை எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று தெரிந்தால், அந்த வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கி, மிகச் சிறிய திரிபுக்கான வெட்டு விறைப்பை நேரடியாகப் பெறலாம். அலை நொடிக்கு 200 மீட்டர் செல்கிறது, மண்ணின் அடர்த்தி கன மீட்டருக்கு 2 டன் என்றால் விறைப்பு 80 மெகாபாஸ்கல். அதிர்வெண் கணக்குக்கு அடிப்படையான எண் இது.

நீர் வடியாத நிலை வெட்டு வலிமையை அளவுத் திருத்தம் இல்லாமல் சி.பி.டி.யிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். கூம்பின் நிகர எதிர்ப்பைக் கூம்புக் காரணியால் வகுத்தே அந்த வலிமையைப் பெறுகிறோம்; அந்தக் காரணி களிமண்ணைப் பொறுத்து 10 முதல் 20 வரை மாறும். நிகர எதிர்ப்பு 1500 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், காரணி 15 எனில் வலிமை 100 கிலோபாஸ்கல், 20 எனில் 75 கிலோபாஸ்கல். ஒரே அளவீட்டிலிருந்து கால் பங்கு வித்தியாசம் வந்துவிடுகிறது. ஆகவே அதே ஆழத்தில் எடுத்த நல்ல மாதிரிகளில் அழுத்தம் கொடுத்து இறுக்கிய பின் செய்யும் மூவச்சுச் சோதனையையும் (triaxial test) நேரடி எளிய வெட்டுச் சோதனையையும் செய்து, காரணியை அந்த இடத்துக்கு உரியதாகத் திருத்திக்கொள்ள வேண்டும். இறுக்காமல் அவசரமாகச் செய்யும் மூவச்சுச் சோதனைகளின் எண்கள் மாதிரி கலைந்த அளவுக்கு ஏற்பச் சிதறிக் கிடக்கும். அவற்றின் சராசரியை வலிமை என்று எழுதுவது பரவலாகக் காணும் தவறு.

சுழற்சிச் சுமைக்கான வெட்டுச் சோதனைகளையும் இப்போதே கேட்டுவிடுங்கள். ஒரு மாதிரியை இறுக்கி, சுழற்சி கொடுத்து முடிக்க நாட்கள் முதல் வாரங்கள் வரை ஆகும். இத்தகைய கருவிகள் உள்ள ஆய்வகங்கள் குறைவு என்பதால் வரிசையும் நீளும். முழுத் தொகுப்பும் வந்து சேரப் பல மாதங்கள் ஆகும் என்று அட்டவணையில் எழுதி வையுங்கள். வட கடலில் ஆய்வுக் கப்பல்கள் நன்றாக வேலை செய்வது கோடைப் பருவத்தில்தான்; அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் திட்டம் ஏறத்தாழ ஓராண்டு பின்னுக்குப் போகும். வானிலையால் கப்பல் சும்மா நிற்கும் நாட்களுக்கு யார் பணம் கொடுப்பது என்ற பிரிவை ஒப்பந்தத்தில் கட்டாயம் படியுங்கள்.

4. முதல் அளவுகளைக் கையாலேயே போடுங்கள்

மென்பொருளைத் திறக்கும் முன் தோராயமான அளவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய மோனோபைல்களில் மண்ணுக்குள் இறங்கும் நீளம் விட்டத்தைப் போல மூன்று முதல் ஆறு மடங்கு. சுவர்த் தடிப்புக்கு ஏபிஐ தரும் தொடக்க விதி எளிமையானது: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து 100-ஆல் வகுத்து 6.35-ஐக் கூட்ட வேண்டும். 8 மீட்டர் விட்டத்துக்கு 86 மில்லிமீட்டர் வருகிறது. அந்தக் குழாயின் எடை மீட்டருக்கு ஏறத்தாழ 17 டன். 100 காற்றாலைகள் கொண்ட திட்டத்தில் ஒவ்வொரு பைலையும் ஒரே ஒரு மீட்டர் குறைத்தால் 1,700 டன் எஃகு மிச்சமாகிறது. மண் சோதனைக்குக் கூடுதல் பணம் கேட்கும்போது மேலாளரிடம் காட்ட வேண்டிய கணக்கு இதுதான்.

5. பக்கவாட்டு எதிர்ப்பு: பழைய வளைவுகளை எங்கே நிறுத்துவது

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். எனவே இதை நிதானமாகப் படியுங்கள்.

மண்ணைத் தனித்தனிச் சுருள்வில்களாக எண்ணி, ஒவ்வொரு ஆழத்திலும் அசைவுக்கும் எதிர்ப்புக்கும் உள்ள உறவை ஒரு வளைவாகத் தருவது பி-ஒய் (p-y) முறை. மென்களிமண்ணுக்கான வளைவை மேட்லாக் (Matlock) என்ற ஆய்வாளர் 1970-இல் வெளியிட்டார். அமெரிக்காவின் டெக்சாஸில் லேக் ஆஸ்டின், சபைன் ஆகிய இடங்களில் 324 மில்லிமீட்டர் விட்டமுள்ள பைல்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து அது பிறந்தது. எண்ணெய்க் கிணற்று மேடைகளின் ஒல்லியான பைல்களுக்கு அது நன்றாக உழைத்திருக்கிறது. 8 மீட்டர், 10 மீட்டர் விட்டத்துக்கு அந்த வளைவுகள் அளவுத் திருத்தம் செய்யப்படவில்லை என்று டிஎன்வி விதிநூலே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை ஏன் என்பதை எண்களால் பார்த்துவிட்டால் மறக்காது.

மேட்லாக் முறையில், மேற்பகுதி மண் ஆப்பு போல மேலெழும்பி விலகும் ஆழம் வரை எதிர்ப்பு குறைவு. அதற்குக் கீழே மண் பைலைச் சுற்றி ஓடும்போது எதிர்ப்பு வெட்டு வலிமையின் ஒன்பது மடங்காக நிலைத்துவிடுகிறது. வெட்டு வலிமை 100 கிலோபாஸ்கல், நீருக்கடியில் மண்ணின் எடை கன மீட்டருக்கு 10 கிலோநியூட்டன், அனுபவக் காரணி 0.5 என்று வையுங்கள். 1 மீட்டர் விட்டமுள்ள பைலுக்கு இந்த மாற்றம் 10 மீட்டர் ஆழத்தில் நிகழ்கிறது. 40 மீட்டர் நீளமுள்ள பைலின் முக்கால் பகுதி ஆழ்நிலையில் இருக்கிறது. 8 மீட்டர் விட்டத்துக்கோ அந்த மாற்ற ஆழம் ஏறத்தாழ 37 மீட்டர். 30 மீட்டர் இறங்கிய மோனோபைல் முழுவதுமே மேற்பகுதி நிலைக்குள் அடங்கிவிடுகிறது. ஒல்லியான பைல் வளைந்து கொடுக்கிறது. மோனோபைலோ ஏறத்தாழ வளையாமல், அடிமுனை எதிர்த்திசையில் நகர, முழுத்தூணாகச் சுழல்கிறது. அப்போது பைலின் பக்கச் சுவர்களில் எழும் செங்குத்து உராய்வும் அடிமுனையின் வெட்டு எதிர்ப்பும் திருப்புத்திறன் எதிர்ப்பும் கணிசமான பங்கு வகிக்கின்றன. பி-ஒய் முறை இம்மூன்றையும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொரு சிக்கல், வளைவின் தொடக்கச் சாய்வு. மேட்லாக் வளைவில் எதிர்ப்பு, அசைவின் கன மூலத்துக்கு விகிதமாக வளர்வதால் பூச்சிய அசைவில் விறைப்பு முடிவிலியாகிறது. மென்பொருளில் அதைப் புள்ளிகளாக வெட்டிக் கொடுக்கிறோம். முதல் புள்ளியை எங்கே வைக்கிறோமோ அதைப் பொறுத்து இயல் அதிர்வெண் மாறிவிடுகிறது. ஆகவே, மேட்லாக் வளைவிலிருந்து பெற்ற அதிர்வெண்ணை யாராவது உங்களிடம் கொடுத்தால், வளைவை எத்தனை புள்ளிகளாக வெட்டினார்கள் என்று கேளுங்கள். டிஎன்வி இதற்கெனத் தொடக்க விறைப்புக்கு ஒரு சூத்திரம் தருகிறது. அது இருந்தாலும் விட்டப் பிரச்சினை தீரவில்லை.

இதற்கு இன்று கிடைக்கும் நல்ல விடை பிசா (PISA) முறை. ஆக்ஸ்ஃபோர்டு, லண்டன் இம்பீரியல் கல்லூரி, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆகியவை தொழில்துறையோடு இணைந்து நடத்திய திட்டம் இது. இங்கிலாந்தின் கவுடன் என்ற இடத்தில் பனியாறு விட்டுச்சென்ற விறைத்த களிமண்ணிலும், பிரான்சின் டன்கர்க்கில் அடர்ந்த மணலிலும் 0.273, 0.762, 2.0 மீட்டர் விட்டமுள்ள பைல்களைத் தள்ளிச் சோதித்தார்கள். அவற்றோடு முப்பரிமாணக் கணிப்புகளை ஒப்பிட்டு, பக்கவாட்டு எதிர்ப்பு, சுவர்வழித் திருப்புத்திறன், அடிமுனை வெட்டு, அடிமுனைத் திருப்புத்திறன் என்ற நான்கு கூறுகள் கொண்ட ஒற்றைப் பரிமாண மாதிரியை உருவாக்கினார்கள். முதன்மைக் கட்டுரைகள் 2020-இல் ஜியோடெக்னிக் இதழில் வெளிவந்துள்ளன.

ஆனால் கவுடன் எண்களை அப்படியே எடுத்து உங்கள் மண்ணில் போடாதீர்கள். அவை அந்த விறைத்த களிமண்ணுக்கும், ஆய்வில் எடுத்துக்கொண்ட விட்ட, நீள வரம்புகளுக்கும் மட்டுமே உரியவை. குஜராத்தின் காம்பத் வளைகுடாவின் மேலடுக்குகளில் இருப்பது போன்ற மென்களிமண்ணுக்கு அவற்றைப் பொருத்துவது மேட்லாக் வளைவைத் தவறாகப் பயன்படுத்துவதைவிட மேலான செயல் அல்ல. சரியான வழி, உங்கள் மண்ணின் விறைப்பையும் வலிமையையும் கொண்டு சில பைல் அளவுகளுக்கு முப்பரிமாணக் கணிப்புகளைச் செய்து, நான்கு கூறுகளின் அளவுருக்களையும் புதிதாகத் திருத்திக்கொள்வது. இதற்குச் சில வாரங்கள் வேண்டும். மென்பொருள் உரிமத்துக்கும் செலவாகும். முன்னர்ச் சொன்ன 1,700 டன் கணக்கை நினைவில் கொண்டால் அது பெரிய தொகை அல்ல.

6. சரிபார்ப்புகள்

அடித்தளம் உச்சச் சுமையைத் தாங்குமா என்று பார்க்கும் அறுதி நிலைக்குக் களிமண்ணின் வெட்டு வலிமையை 1.25-ஆல் வகுத்தும், சாதாரண நிலையின் காற்று, அலைச் சுமைகளை 1.35-ஆல் பெருக்கியும் பார்க்கிறோம். அதே குறைத்த வலிமையை அதிர்வெண் கணக்கிலும் உலோகச் சோர்வுக் கணக்கிலும் விட்டுவைக்காதீர்கள். அங்கே காரணி 1.0 மட்டுமே. இரண்டு கணக்குக்கும் ஒரே உள்ளீட்டுக் கோப்பை வைத்திருப்பதால் வரும் பிழை இது. தனித்தனிக் கோப்புகள் வைத்தால் வராது.

சாய்வுக்கு வழக்கமான வரம்பு கடற்படுகை மட்டத்தில் மொத்தம் 0.5 பாகை. அடித்து இறக்கும்போதே வரும் சாய்வுக்கு 0.25 ஒதுக்கினால், ஆயுள் முழுவதும் சேரும் நிரந்தரச் சாய்வுக்கு மீதி 0.25 பாகைதான் கிடைக்கிறது. 150 மீட்டர் உயரத்தில் அது ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் நகர்வு. இயல் அதிர்வெண் 0.15 ஹெர்ட்ஸ் என்றால் 25 ஆண்டுகளில் பைல் ஏறத்தாழ 12 கோடி முறை அசைகிறது. ஒவ்வொரு பெரும் புயலிலும் களிமண் துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம் (துளைநீர் அழுத்தம்) ஏறி, விறைப்பு தளர்ந்து, சாய்வு சிறிது சிறிதாகச் சேர்கிறது. மேட்லாக்கின் சுழற்சி வளைவு எதிர்ப்பைக் குறைத்துக் காட்டுமே தவிர, இந்தச் சேரும் சாய்வைத் தராது. மூன்றாம் படியில் கேட்ட சுழற்சிச் சோதனைகள் இப்போதுதான் பயன்படுகின்றன. அவை இல்லாமல் இந்தச் சரிபார்ப்பை எழுதினால் சான்றளிப்பவர் திருப்பி அனுப்புவார்.

ஜாக்கெட் எனப்படும் சட்டக அமைப்பாக இருந்தால் கதை வேறு. அங்கே கவிழ்ப்பு, கால்களில் இழுவையாகவும் அழுத்தமாகவும் மாறுவதால் செங்குத்து உராய்வே முதன்மை. 20 மீட்டர் ஆழத்தில் மேற்சுமை அழுத்தம் 200, வெட்டு வலிமை 100 கிலோபாஸ்கல் எனில் ஏபிஐ முறையில் ஒட்டுக் காரணி 0.71, 2.5 மீட்டர் விட்டமுள்ள பைலுக்கு அந்த ஆழத்தில் வெளிப்புற உராய்வு மீட்டருக்கு ஏறத்தாழ 555 கிலோநியூட்டன். அடித்த உடனே இது முழுதாகக் கிடைக்காது. கலைந்த களிமண் மீண்டும் இறுக மாதக்கணக்கில் ஆகலாம். பைல் இறக்கும் நாளுக்கும் காற்றாலை ஏற்றும் நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் உண்டு என்று அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள்.

7. அடித்து இறக்க முடியுமா?

வடிவமைத்த பைல் இறங்காவிட்டால் எல்லாம் வீண். சி.பி.டி.யை அடிப்படையாகக் கொண்ட ஆல்ம்–ஹாம்ரே 2001 முறை வட கடல் களிமண்ணுக்கு நல்ல தொடக்கம். களிமண்ணில் தனியாகக் கவனிக்க வேண்டியது, பாதியில் நிறுத்துவது. சம்மட்டி பழுதானாலோ வானிலை மாறினாலோ சில மணி நேரம் நின்றுவிட்டு மீண்டும் அடிக்கும்போது எதிர்ப்பு கூடியிருக்கும். எனவே நிறுத்தி மீண்டும் தொடங்கும் நிலைக்கும் தனிக் கணக்கு போடுங்கள். பனியாற்றுக் களிமண்ணில் பெரும் பாறைக் கற்கள் புதைந்திருக்கும். புவி இயற்பியல் ஆய்வு அறிக்கையில் அவற்றின் பட்டியலைத் தேடுங்கள். ஒவ்வொரு அடியும் எஃகின் சோர்வு ஆயுளில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பங்கை ஆறாம் படியின் சோர்வுக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜெர்மன் கடற்பகுதியில் 750 மீட்டர் தொலைவில் நீரடி ஒலி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பதால் சம்மட்டியின் ஆற்றலே கட்டுப்படுத்தப்படலாம்; ஒலியைக் குறைக்கக் காற்றுக் குமிழித் திரை அமைக்கும் செலவும் இங்கே சேர்கிறது.

8. சுற்றுகள், சான்று, காலம்

நீங்கள் மண் சுருள்வில்களையும் பைல் அளவுகளையும் தருகிறீர்கள். காற்றாலைத் தயாரிப்பாளர் புதிய சுமைகளைத் திருப்பித் தருகிறார். சுமை மாறியதால் பைல் மாறுகிறது. பைல் மாறியதால் அதிர்வெண்ணும் சுமையும் மீண்டும் மாறுகின்றன. இரண்டு மூன்று சுற்றுகளாவது நடக்கும். ஒவ்வொன்றுக்கும் பல வாரங்கள். முதல் சுற்றிலேயே கோப்பு வடிவம், அலகுகள், அச்சுத் திசைகள், மட்டங்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு தரப்பு கடல் மட்டத்தையும் மறுதரப்பு கடற்படுகை மட்டத்தையும் பூச்சியமாக எடுத்துக்கொண்டால் ஒரு சுற்று முழுவதும் வீணாகிவிடும்.

சான்றளிப்பு நிறுவனத்துக்கு இறுதி அறிக்கையை மட்டும் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். வடிவமைப்பு அடிப்படை ஆவணத்தையும் மண் அளவுருக்கள் பற்றிய அறிக்கையையும் தனித்தனியாக முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் பெறுங்கள். தடித்த எஃகுத் தகடுகளுக்கான ஆணை பல நேரங்களில் இறுதிச் சான்றுக்கு முன்பே போய்விடுகிறது. ஆணை போன பிறகு மண் அளவுருவில் மாற்றம் வந்தால் நீளத்தையோ தடிப்பையோ மாற்ற இடமிருக்காது.

பைல்களை இறக்கும்போது ஒவ்வொரு கால் மீட்டருக்கும் எத்தனை அடிகள், எவ்வளவு ஆற்றல் என்ற பதிவு எழுதப்படும். அதன் நகலும், காற்றாலை இயங்கத் தொடங்கியபின் அளக்கப்படும் இயல் அதிர்வெண்ணும் வடிவமைப்பாளருக்குத் தானாக வந்து சேருவதில்லை. இரண்டாவது தரவு பெரும்பாலும் காற்றாலைத் தயாரிப்பாளரின் கையில் இருக்கும். அவற்றைப் பெறும் உரிமையை வடிவமைப்பு ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்தான பிறகு அந்தப் பிரிவைச் சேர்ப்பது மிகக் கடினம்.